சின்ன ர

காலமான வக்கீல் திருவேங்கடம் தம்முடைய எழுபத்தொரு வருட வாழ்க்கையில் யாரிடமாவது ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்கிறாரா என்ற கேள்விக்கு வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் விடை தேவைப்பட்டது. அவருடைய படத்திறப்பு அழைப்பிதழில் அதற்காக அச்சகத்தில் இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

“படத்துக்குக் கீழ ஒரே ஒரு வரி தமிழு,” என்றார் வக்கீல் சங்கச் செயலாளர் செல்வராஜ். “பொன்மொழி மாதிரி. போன வருசம் ஒருத்தர் படத்தைத் தொறந்தமே, அவருக்குக்கூட ‘காலம் தவறாதே’ன்னு போட்டோம். இத்தினிக்கும் அந்த மனுசன் கோர்ட்டுக்கு வந்ததே பன்னெண்டு மணிக்கு மேலதான். நீ பதினஞ்சு வருசமா திருவேங்கடத்துக்கு ஜூனியரு. ஒரு வரி இல்லாமலா பூடும்?”

“பாத்து சொல்றேண்ணே,” என்றான் தமிழ்வாணன்.

இந்த மூன்று வார்த்தையைச் சேர்க்கவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெயர்தான் தமிழ்வாணன். செங்கல்பட்டு கோர்ட்டில் அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியம். “சீனியர் இஸ் ஆன் லெக்ஸ் இன் தி அதர் கோர்ட், யுவர் ஆனர். பாஸ் ஓவர் ப்ளீஸ்.” அதாவது, எங்கள் பெரிய வக்கீல் பக்கத்துக் கோர்ட்டில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார், தயவுசெய்து இந்த வழக்கைக் கொஞ்சம் கழித்துக் கூப்பிடுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டிலிருந்து இதை அவன் எல்லா நீதிபதிகளிடமும் சொல்லியாகிவிட்டது. உச்சரிப்பு அப்பழுக்கில்லாமல் வரும். அதற்கு அடுத்த வாக்கியத்தைப் பேச வேண்டிய கட்டத்தில் திருவேங்கடம் கோட்டை மாட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். வந்து, “நகரு” என்பார்.

நகரத்தான் வேண்டும். அந்த மனிதரின் மூளை அப்படி. படாளத்துப் பக்கம் ஒரு உயில் வழக்கு. கிழவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் எழுதி வைத்தது என்று எதிர்க்கட்சி கொண்டுவந்த உயில், பழுப்பேறி, மடிப்பெல்லாம் கிழிந்து, பார்த்தால் கும்பிடத் தோன்றும். திருவேங்கடம் அதை மூக்கருகே வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். கிழவர் சொல்லச் சொல்ல அதை எழுதியதாகச் சொன்ன ஆளைக் கூண்டில் ஏற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எழுத்துச் சீர்திருத்தம் வந்தது எழுபத்தெட்டுல. அதுவரைக்கும் ‘லை’ன்னா முன்னாடி ஒரு தும்பிக்கை இருக்கும். நீ எழுபத்தொண்ணுலயே தும்பிக்கை இல்லாத ‘லை’ எழுதியிருக்கியே, எந்தப் பள்ளிக்கூடம்ப்பா அது?”

ஆள் கூண்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டான். வழக்கு அத்துடன் முடிந்தது.

“பிரமாதம் சார்,” என்றான் தமிழ்வாணன், ஆபீஸுக்குத் திரும்பும் வழியில்.

“நீ எழுதுன மனுவுல நாலு இடத்துல ஒற்று விட்டிருக்கே,” என்றார் திருவேங்கடம்.

அவரிடம் சேர்ந்த புதிதில், பெரிய மனிதர் வாயிலிருந்து விழுவதையெல்லாம் குறித்து வைத்தால் பிற்காலத்தில் உதவும் என்று தமிழ்வாணன் ஒரு நீல அட்டை நோட்டு வாங்கியிருந்தான். பிற்காலம் வந்துவிட்டது என்று புதன்கிழமை காலையில் அதைத் திறந்தான்.

‘உன்னைச் சேத்துக்கிட்டது என் தப்பு. காலக்கெடு தாண்டிப் போச்சு, இல்லன்னா உங்கப்பன் மேல கேஸ் போட்டிருப்பேன்.’ இது எண்பத்தொன்பதில்.

‘இந்த மனுவைப் படிச்சா நம்ம கட்சிக்காரனே எதிர்க்கட்சிக்குப் போயிடுவான்.’ இது தொண்ணூற்றொன்றில்.

‘கோர்ட்டுல உன் தலைக்கு மேல ஒரு ஃபேன் ஓடுது பாத்தியா? அது வேலை செய்யுது.’ இதற்குத் தேதி போடவில்லை. அடிக்கடி சொன்னதாக இருக்கும்.

கடைசிப் பக்கத்தில் இருந்தது போன டிசம்பரில் ஆஸ்பத்திரியில் சொன்னது. தமிழ்வாணன் கமலா ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருந்தான். ‘இதையாவது ஒழுங்கா உரிச்சே.’ இது பாராட்டாக இருக்குமோ என்று ஒரு சபலம் தட்டியது. ஆனால் மாவட்ட நீதிபதி திறந்து வைக்கும் படத்துக்குக் கீழே ஆரஞ்சைப் பற்றிப் போட முடியாது. நோட்டை மூடிவிட்டான்.

குமாஸ்தா தனகோடியைக் கேட்டுப் பார்த்தான். முப்பது வருடம் திருவேங்கடத்திடம் குப்பை கொட்டியவர்.

“நல்ல வார்த்தையா?” தனகோடி யோசித்தார். “ஒருவாட்டி ‘பரவால்ல தனகோடி’ன்னாரு சார். அப்படியே மனசு குளுந்து பூட்ச்சு. அப்பால பாத்தா போன்ல பேசிகினு கீறாரு. லைன்ல வேற ஒரு தனகோடி.”

கொளவாய் ஏரிப் பக்கம் இருந்த திருவேங்கடத்தின் வீட்டுக்குப் போய் அவருடைய மனைவி சாரதாம்பாளையும் கேட்டான். அம்மாள் காபி ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

“எனக்கா? பொண்ணு பாக்க வந்தன்னிக்கு ‘அப்ஜெக்ஷன் இல்ல’ன்னு சொன்னாரு. அதை வச்சுத்தான் நாப்பத்தஞ்சு வருசம் ஓட்டினேன்.” பிறகு சிரிப்பு நின்றது. “அதைவிடு தமிழு. கோர்ட்டுக்கு எதிர்ல அந்த ஆபீஸு, ரூம் நெறய புஸ்தகம், நடக்கற கேஸு, இதெல்லாம் யாருகிட்ட ஒப்படைக்கறதுன்னே தெரியல. நீ இருக்கே, பிரவின் இருக்கான். ரெண்டு பேருல யாரையாவது ‘இவன் தேறுவான்’னு அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கண்ணை மூடிக்கினு சாவியைக் குடுத்துடுவேன். பாவி மனுசன் சொல்லலையே.”

தமிழ்வாணன் காபித் தம்ளரைக் கீழே வைத்தான். அவனுக்கு நாற்பத்தோரு வயது. சொந்தமாக ஒரு கட்சிக்காரன் கிடையாது. அந்த ஆபீஸ் போனால் கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அஃபிடவிட் எழுத வேண்டியதுதான். இன்னொரு ஜூனியரான பிரவின்குமார் சேர்ந்து ஆறே வருடம். ஆனால் அவன் பேசினால் நீதிபதிகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தமிழ்வாணன் அச்சகத்துக்குப் போய் ஒரு துண்டுத் தாளில் எழுதினான். ‘தமிழ்வாணா, நீ நல்லா வருவே.’

எழுதியதும் காது சுட்டது. சொந்தப் பெயரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ‘தமிழ்வாணா’வை அடித்துவிட்டான். யாரிடம் சொன்னார் என்பதைக் கூட்டத்தில் பேசும்போது நாசூக்காகச் சொல்லிக்கொள்ளலாம். பொய் சொல்வதிலும் ஒரு அடக்கம் வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவன். உருப்படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுநாள் புரூஃப் வந்தது. படத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில்: ‘நீ நல்லா வறுவே.’

அப்பளம் வறுக்கிறவனுக்குக் கொடுத்த சான்றிதழ் மாதிரி இருந்தது. தமிழ்வாணன் பேனாவை எடுத்து ‘வறுவே’யைச் சுழித்து, ஓரத்தில் திருத்தம் எழுதினான்: ‘வருவே, சின்ன ர’. நிம்மதியாகக் கோர்ட்டுக்குப் போய் மூன்று பாஸ் ஓவர் வாங்கினான்.

திங்கட்கிழமை ஐந்நூறு அழைப்பிதழும் அச்சாகி, செல்வராஜ் சுறுசுறுப்பாக ஊர் முழுக்க விநியோகம் செய்து முடித்தபிறகு, ஒன்று அவன் கைக்கு வந்தது.

‘நீ நல்லா வருவே, சின்ன ர.’

அச்சகத்துக்கு ஓடினான். கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கும் மேரி தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

“நீங்க எழுதுனதை எழுதுனபடி அடிச்சேன் சார்.”

“ஏம்மா, ‘சின்ன ர’ன்னா எந்த ர போடணும்னு சொன்னது. அது தெரியாதா?”

“தெரியும் சார். ஆனா உங்காபீஸ் மேட்டர்ல நாங்க ஒரு எழுத்து தொட மாட்டோம். முன்னாடி ஒரு நோட்டீஸ்ல நானா ஒரு புள்ளியை எடுத்துட்டேன்னு உங்க பெரிய சாரு இங்க வந்து நின்னு, நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டாரு. ‘வக்கீல் எழுதறதை அடிக்கறதுதான் உன் வேலை, திருத்தறது இல்ல’ன்னாரு. அன்னிலேருந்து மொதலாளி கண்டிசனா சொல்லிட்டாரு.”

செத்தும் விடவில்லை மனிதர்.

அவன் நேரே சாரதாம்பாள் வீட்டுக்குப் போனான். கூடத்தில் ஏற்கெனவே பிரவின்குமார் ஆப்பிள் பையோடு உட்கார்ந்திருந்தான். அம்மாள் கையில் அழைப்பிதழ், கண்ணில் ஈரம்.

“தமிழு, இதை நீதான் குடுத்தியாமே? ‘நீ நல்லா வருவே’ன்னு அவரு சொன்னாராடா? யாருடா அந்த ‘சின்ன ர’?”

தமிழ்வாணன் வாயைத் திறந்தான். வழக்கம்போல உள்ளே ஒன்றும் தயாராக இல்லை. அந்த இடைவெளியில் பிரவின்குமார் தலையைக் குனிந்துகொண்டு, மெல்லிய குரலில் சொன்னான்.

“நான்தாம்மா.”

“நீயா?”

“என் இன்ஷியல் ர-தானேம்மா. ரங்கநாதன் மகன் ர. பிரவின்குமார். நம்ம குமாஸ்தா தனகோடி அண்ணனும் ர. ஆபீஸ்ல ரெண்டு ர இருக்கறதால அவரு பெரிய ர, நான் சின்ன ர. சார் செல்லமா கூப்பிடுவாரு.” அவன் தமிழ்வாணன் பக்கம் திரும்பினான். “நான் இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க எப்படியோ கேட்டிருக்கீங்க, பெருந்தன்மையா அச்சுலயும் போட்டுட்டீங்க. தேங்க்ஸ்ண்ணே.”

அச்சுப்பிழை என்று சொன்னால், அப்படியானால் மீதி வார்த்தை யாரிடம், எப்போது சொன்னது என்ற கேள்வி வரும். நானே கட்டிவிட்டேன் என்று சொன்னால் செத்தவர் வாயில் பொய்யைத் திணித்த ஜூனியர் என்று பெயர் வரும். தமிழ்வாணன் ஒரு ஆப்பிளைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

“கூட்டம் முடிஞ்சதும் அங்கயே சாவியைக் குடுத்துடறேன் பிரவினு,” என்று அம்மாள் சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது.

புதன்கிழமை அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு யோசனை வருவது அபூர்வம் என்பதால் உடனே செயல்படுத்தினான். அழைப்பிதழில் ஒட்டுவதற்குச் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டுகள் அடித்து எல்லோருக்கும் அனுப்பினான். ‘பிழை திருத்தம்: சின்ன ர நீக்கப்பட்டது.’ இவ்வளவுதான். கௌரவமான, யாரையும் புண்படுத்தாத சீட்டு.

வியாழக்கிழமை மத்தியானம் வக்கீல்கள் ஓய்வறையில் அவன் நுழைந்ததும் பேச்சு நின்றது. செல்வராஜ் அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“இன்னா தமிழு இப்புடிப் பண்ணிட்டே. பிரவினை ஆபீஸ்லேருந்து நீக்கணும்னா நேர்ல சொல்லியிருக்கலாம். ஐந்நூறு பேருக்குச் சீட்டு அடிச்சு ஒட்டுவாங்களா?”

“ஐயோ, நான் நீக்குனது எழுத்தைண்ணே.”

“அவன் தலையெழுத்தையா? பொறாமை இருக்கலாம்பா. அதுக்குன்னு அச்சடிச்சு வெளியிடக் கூடாது.”

சாரதாம்பாளிடமிருந்து தனகோடி மூலம் செய்தி வந்தது. தமிழு இப்படிப்பட்டவன் என்று அவர் நினைக்கவே இல்லையாம்.

வீட்டில், கல்பாக்கத்து ஆபீஸிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அவன் மனைவி சுஜாதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கைப்பையைக் கீழே வைத்தாள்.

“பேசாம உண்மையைச் சொல்லிடுங்க.”

“எந்த உண்மையை?”

சுஜாதா யோசித்தாள். நியாயமான கேள்விதான். “சரி, அப்ப பொய்யையாவது முழுசா சொல்லுங்க. நீங்க உங்களுக்காகச் சொன்ன பொய்யி. அதை அவன் தூக்கிக்கினு போறதை ஆப்பிளைக் கடிச்சுக்கினு வேடிக்கை பாப்பீங்களா? எழுந்து நின்னு, ‘எங்கிட்டதான் சொன்னாரு’ன்னு சொல்லுங்க.”

சனிக்கிழமை நாலு மணிக்கு வக்கீல் சங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் பட்டுத்துணி மூடிய படம். நடுவில் மாவட்ட நீதிபதி, மூக்குக் கண்ணாடி அணிந்த, சிரிக்காத அம்மையார். முன்வரிசையில் சாரதாம்பாள். அவர் மடியில் ஆபீஸ் சாவி. அவருக்குப் பக்கத்தில் இஸ்திரி போட்ட துக்கத்தோடு பிரவின்குமார்.

செல்வராஜ் கூப்பிட்டார். தமிழ்வாணன் எழுந்து மைக்கைப் பிடித்தான். நீதிபதியைப் பார்த்தான். எதிரே நூறு கறுப்புக் கோட்டு. அவனை அறியாமல் வாய் திறந்தது.

“சீனியர் இஸ் ஆன் லெக்ஸ் இன் தி அதர் கோர்ட், யுவர் ஆனர். பாஸ் ஓவர் ப்ளீஸ்.”

பின்வரிசையில் ஒருவர் தொடங்க, மொத்தக் கூடமும் சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை.

“இந்தத் தடவை பாஸ் ஓவர் கொடுக்க முடியாது மிஸ்டர் தமிழ்வாணன். நீங்களேதான் பேசியாகணும்.”

அவமானம் தாங்காமல் அவனுக்குத் தைரியம் வந்தது. “அழைப்பிதழ்ல இருக்கற வார்த்தை,” என்றான். “‘நீ நல்லா வருவே’ங்கறது. அதை சார் எங்கிட்டதான் சொன்னாரு.”

பிரவின்குமார் எழுந்துவிட்டான். “மேடம், ஒரு சின்ன விளக்கம் மட்டும் கேட்டுக்கறேன். எந்தத் தேதியில சொன்னாருண்ணே?”

“தேதி… தொண்ணூத்தெட்டு.”

“அது தேதி இல்லண்ணே, வருசம். எந்த இடத்துல?”

“மாமல்லபுரம். லைட்ஹவுஸ் கிட்ட. ஒரு கேஸுக்காக இடத்தைப் பாத்துட்டு வரப் போயிருந்தோம்.”

தூங்கிக்கொண்டிருந்த வக்கீல்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரங்கல் கூட்டத்தில் இப்படி ஒரு குறுக்கு விசாரணை யாருக்குக் கிடைக்கும்? “செத்தவர் சொன்னதா இவரு சொல்றதை எப்புடி ஏத்துக்கறது?” என்று இடப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “அவர் பேசட்டும்,” என்றார் நீதிபதி, பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்துக்கொண்டே.

“பக்கத்துல யாரு இருந்தாங்க?” என்றான் பிரவின்குமார்.

தமிழ்வாணனின் கண் கூடம் முழுக்க அலைந்தது. எல்லாம் வக்கீல் முகம். கடைசி வரிசையில், தூணோரமாக, மடியில் காலிக் கூடையோடு செல்லம்மா உட்கார்ந்திருந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டிலிருந்து வரும் மீன்காரம்மாள். கடலோரத்தில் அவள் குடிசை இருந்த இடத்தை ஒரு பணக்காரன் வளைக்கப் பார்த்தபோது வழக்காடி மீட்டுக் கொடுத்தவர் திருவேங்கடம்தான்.

“செல்லம்மா இருந்தாங்க,” என்றான். சொன்னபிறகுதான் தோன்றியது, வேறு யாரையாவது, செத்துப்போன யாரையாவது சொல்லியிருக்கலாம்.

செல்லம்மா நிதானமாக எழுந்தாள். கூடையைத் தூணோரம் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மேடைக்கு வந்து, மைக்கை வாயருகே இழுத்தாள்.

“ஆமாங்க. நான் இருந்தேன். என் ரெண்டு காதால கேட்டேன்.”

“என்ன கேட்டீங்க?” என்றான் பிரவின்குமார்.

“‘தமிழு, நீ நல்லா வருவே’ன்னாரு.”

“‘சின்ன ர’ன்னு சொல்லலியா?”

“நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போவல சார். சின்ன ராவும் தெரியாது, பெரிய ராவும் தெரியாது. தமிழுன்னு சொன்னாரு, அது தெரியும்.”

“அன்னிக்கு அவர் என்ன உடுத்தியிருந்தார்?”

“கறுப்புக் கோட்டு.”

“மழையா, வெயிலா?”

“கடக்கரையில நின்னுகினு மீனு விக்கறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். நான் மேல பாக்கல, அவரைத்தான் பாத்தேன்.”

“எவ்வளவு தூரத்துல நின்னீங்க?”

“அவரு பேசனா கேக்கற தூரத்துல.”

“அது எவ்வளவு தூரம்னு கேக்கறேன்.”

“அவரு பேசனா சதுரங்கப்பட்டினம் வரிக்கும் கேக்கும் சார். இவுங்களைக் கேளுங்க.”

கூடம் தலையாட்டியது. கேட்காதவர் யார்? பிரவின்குமார் தன் கடைசி அம்பை எடுத்தான். குரலைத் தாழ்த்தினான்.

“உங்க கேஸை நடத்துனது அவர்தானே? அந்த நன்றிக்காக அவர் ஜூனியருக்குப் பரிஞ்சு பேசறீங்க. சரியா?”

செல்லம்மா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். “என் கேசு தோத்துப் பூட்ச்சு சார். எனுக்கு இன்னா நன்றி? நான் எதுக்கு இவருக்காகப் பொய் சொல்லணும்?”

அந்த வழக்கு ஜெயித்துப் பதினொரு வருடம் ஆகிறது. அந்த இடத்தில்தான் அவள் இப்போது ஓட்டு வீடு கட்டிக் குடியிருக்கிறாள். தீர்ப்பு நகலை வாங்கிக் கொடுத்ததே தமிழ்வாணன்தான். தனகோடிக்கும் தெரியும். தனகோடி கூரையில் ஃபேன் சுற்றுவதையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரவின்குமார் அப்போது சட்டக் கல்லூரிக்குக்கூடப் போயிருக்கவில்லை.

“வேற கேள்வி இல்ல,” என்று அவன் உட்கார்ந்தான்.

“சாட்சி அசையவில்லை,” என்று நீதிபதி சொல்லி, ஏதோ எழுதியும் வைத்தார். அப்புறம்தான் வந்த காரியம் ஞாபகம் வந்து, அவசரமாக எழுந்து பட்டுத்துணியை விலக்கினார். எல்லோரையும் ஒரே முறைப்பாக முறைத்துக்கொண்டு திருவேங்கடம் வெளிப்பட்டார். பழக்கத்தில் இரண்டு மூன்று ஜூனியர்கள் எழுந்து நின்றார்கள்.

சாரதாம்பாள் மேடைக்கே வந்து சாவியைத் தமிழ்வாணன் கையில் வைத்து மூடினார். “அவரு வாயிலேருந்து இப்படி ஒண்ணு வந்துச்சுன்னு கேக்கவே நெஞ்சு நெறஞ்சு போச்சுடா. உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்.”

தமிழ்வாணன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வழக்கில் ஜெயித்திருந்தான். அதுவும் பொய்ச்சாட்சியில். சுஜாதா தூரத்திலிருந்து கையைக் காட்டினாள். செல்வராஜ் முதுகில் தட்டினார். அவனுக்கோ அழுகை வந்தது. அந்த மனிதர் ஒரே ஒரு தடவை, காதோடு காதாக, நீ நல்லா வருவே என்று சொல்லியிருந்தால் இந்தச் சாவியே வேண்டியிருக்காது என்று தோன்றியது. பதினைந்து வருடம். ஒரு ஆரஞ்சைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

கூட்டத்தில் செல்லம்மாவைக் காணோம். தேடிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனான். மாமல்லபுரம் பஸ் நிற்கும் இடத்தில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“செல்லம்மா, எதுக்கும்மா பொய் சொன்னீங்க?”

“எதை நைனா?”

“எல்லாத்தையும்தான். தொண்ணூத்தெட்டுல லைட்ஹவுஸுக்கு யாரும் போகல. உங்க கேஸும் தோக்கல. அவரு எனக்கு நல்ல வார்த்தையே சொன்னதில்லம்மா. அது நானா எழுதுனது. உங்க பேரை இழுத்தது என் தப்பு.” சாவியைக் காட்டினான். “இதை அம்மாகிட்டயே திருப்பிக் குடுத்துடப் போறேன். அவரு குடுக்காததை நான் எப்படி வச்சுக்கறது?”

பஸ் வந்து நின்றது. செல்லம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள்.

“இன்னா நைனா நீ. ஆஸ்பத்திரில மூணு நாளு என்னைக் குந்தவச்சு, பிரவினு இன்னா இன்னா கேப்பான்னு அவரே கேட்டுக் கேட்டுப் பதில் சொல்லிக் குடுத்தாரு: ‘நான் பூட்டப்பறம் இந்தத் தமிழு, அவனை நான் மெச்சிகினேன்னு எதுனா சொல்லிட்டு சாட்சி இல்லாம முழிப்பான். எந்த வார்த்தையைச் சொன்னாலும் சரி, கேட்டேன்னு சொல்லு செல்லம்மா, அது பொய்ச்சாட்சி ஆவாது’ன்னு.”